படுத்தால் தீரும் தலைவலி

நான் முப்பத்தாறு வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன். அதில் எழுதிய குறிப்புகளில் பெரும்பாலானவை எனக்கு நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதைச் சொல்வதற்கு நேப்பிள்ஸ், பாரிஸ், கீல் என்று கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1982. புதுச்சேரியில் ஒரு துறை, பெயர் வேண்டாம். நான் பணியாளர் பிரிவில் யு.டி.சி. எங்கள் பிரிவிலேயே இருந்த ஓர் இளைஞர், என்னைவிட நாலு வயது சின்னவர், குடலிறக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டு பத்து நாள் விடுப்புக்குப் பிறகு வேலைக்கு வந்தார். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துச் செய்த ஆபரேஷன். தையல் பிரித்தாயிற்று, புண் ஆறிவிட்டது, பணிக்குத் திரும்பத் தகுதியுள்ளவர் என்று டாக்டர் சான்றும் கொடுத்துவிட்டார்.

ஆனால் மனிதரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்தால் தலையைப் பிடித்துக்கொள்வார். பின்மண்டையிலிருந்து கழுத்து வரை இழுக்கிறது என்பார். எழுந்து பதிவறைக்குப் போய், பழைய கெசட் கட்டுகளுக்கு நடுவே செய்தித்தாளை விரித்துப் படுத்துவிடுவார். பத்து நிமிடத்தில் வலி போய்விடும். எழுந்து வருவார். மறுபடியும் அரை மணி நேரம்.

அலுவலகம் சிரித்தது. "படுத்தா சரியாயிடுமாம், உக்காந்தா வலிக்குமாம். நமக்கும்தான்யா அப்படி இருக்கு!" கொஞ்ச நாளில் அவர் வருவதை நிறுத்திவிட்டு, தலைவலி என்று விடுப்புக் கடிதம் அனுப்பினார். சான்று இல்லை. டாக்டரிடம் கேட்டால், "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, தலைவலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்றாராம். கோப்பு என் மேசைக்கு வந்தது. அதிகாரி கேட்காததையும் சேர்த்து எழுதினேன். விடுப்பில் போகுமுன் இவர் அலுவலகத்துக்குப் படுப்பதற்காகவே வந்துகொண்டிருந்தார் என்பது குறிப்பின் கடைசி வரி. ஆங்கிலத்தில் எழுதியபோது இன்னும் மிடுக்காக இருந்தது. 23 நாள் சம்பளமில்லாத அசாதாரண விடுப்பாக உத்தரவானது. ஊதிய உயர்வும் தள்ளிப்போனது.

முப்பது வருடம் கழித்து, ஓய்வு பெற்று இரண்டாம் வருடம், என் மனைவிக்கு அதே தலைவலி வந்தது.

ஆபரேஷனும் இல்லை, ஊசியும் இல்லை. ஒரு நாள் காலையில் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து உட்கார்ந்தால் வலி, நின்றால் வாந்தி, படுத்தால் ஒன்றுமில்லை. காதில் கடலிரைச்சல் மாதிரி ஒரு சத்தம். சைனஸ் என்று ஒருவர் எக்ஸ்ரே எடுத்தார். மூக்குக்கண்ணாடி மாறியது. கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பட்டை போட்டார்கள். கடைசியில் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு அம்மா ரொம்பத் தனிமையாக இருக்கிறார்களோ?" என்று கேட்டார். நானும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருக்கலாமோ என்று நினைத்தேன்.

ஆறாவது வாரம், வேறோர் இடத்தில் ஓர் இளம் நரம்பியல் டாக்டர், மாத்திரைச் சீட்டுகளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, படுத்தால் எவ்வளவு நேரத்தில் குறைகிறது?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குப் பதிவறையும் கெசட் கட்டுகளும் கண்முன் வந்தன.

டாக்டர் சொன்ன பெயர், மூளைத் தண்டுவட நீரின் அழுத்தக் குறைவு. வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கினேன். பிரெஞ்சு மீடியத்தில் படித்து 'புருவே' எழுதியவன் என்பதால் எனக்கு வயதான காலத்திலும் ஒரு வசதி உண்டு. இந்த விஷயத்தின் பழைய கதையில் பாதி அந்த மொழியில்தான் இருக்கிறது. 'லிக்கீது செஃபாலோ ரஷிதியென்' என்று அவர்கள் சொல்வதையே தமிழாக்கினால் தலை முதுகெலும்பு நீர் என்று வரும்.

முதலில் அது என்ன நீர் என்று சொல்லிவிடுகிறேன். மூளையும் தண்டுவடமும் தெளிந்த தண்ணீர் போன்ற ஒரு நீரில் மிதக்கின்றன. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 150 மி.லி. ஒரு காபி டம்ளர் அளவுதான். ஆனால் உடம்பு ஒரு நாளில் சுமார் 500 மி.லி. உற்பத்தி செய்கிறது, பழையது ரத்தத்தில் கலந்துவிட, புதியது வந்துகொண்டே இருக்கிறது. மூளையின் எடை 1,400 கிராம் என்றால் அந்த நீருக்குள் அது ஏறத்தாழ 50 கிராம் மாதிரிதான் கனக்கும். கிணற்றில் இறைத்தவர்களுக்கு இது புரியும். வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை கயிற்றில் கனம் தெரியாது. நீர்மட்டத்தைத் தாண்டியதும்தான் கை இழுபடும். இந்த நீரைச் சுற்றியிருக்கும் தடித்த உறையில் எங்காவது ஓட்டை விழுந்து நீர் கசிந்தால், நிமிர்ந்து உட்காரும்போது மூளை கீழே சரிந்து, அதைப் பிடித்திருக்கும் உறைகளையும் நரம்புகளையும் இழுக்கிறது. படுத்தால் இழுவை நின்றுவிடுகிறது. படுத்தால் தீரும் தலைவலியின் ரகசியம் இவ்வளவுதான்.

இவ்வளவு எளிய விஷயம் ஏன் இத்தனை காலம் தெரியவில்லை என்றால், அந்த நீர் இருப்பதே தெரியாமல் இருந்தது. பழைய உடற்கூறு ஆய்வாளர்கள் பிணத்தை அறுக்கும்போது முதலில் தலையைத் துண்டித்துவிடுவார்கள். துண்டித்ததும் நீர் வடிந்துவிடும். பிறகு மண்டையைத் திறந்து பார்த்தால் வெற்றிடம். அங்கே ஆவி இருக்கிறது என்று எழுதிவைத்தார்கள். 1764இல் நேப்பிள்ஸ் நகரத்து டாக்டர் தொமெனிக்கோ கொத்தூஞ்ஞோ, இடுப்பு நரம்பு வலியைப் பற்றி லத்தீனில் எழுதிய ஒரு சிறு நூலில் இதைச் சுட்டிக்காட்டினார். தலையை வெட்டாமல், பிணத்தை நிமிர்த்தி நிறுத்தி, இடுப்புப் பக்கம் முதுகெலும்பைத் திறந்தார். நீர் கொட்டியது. சோதிக்கும் முறையே சாட்சியை அழித்துக்கொண்டிருந்தது என்பதைக் கண்டுபிடித்தவர் அவர். ஆனால் நூலை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அறுபது வருடம் கழித்து பிரான்சுவா மழாந்தி அதை மறுபடியும் கண்டுபிடித்தார். பொர்தோவில் பிறந்து பாரிஸில் வேலை செய்தவர். உயிருள்ள விலங்குகளிலும் அந்த நீர் இருக்கிறது, அது அழுத்தத்தோடு இருக்கிறது என்று காட்டினார். 1842இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பில்தான் இன்று உலகமே பயன்படுத்தும் பெயர் இருக்கிறது. நீரை வடித்துவிட்டால் விலங்கு தள்ளாடுகிறது என்றும் எழுதினார். அவர் காலத்திலேயே லோன்ழே என்பவர் அதை மறுத்தார்: நீரை எடுப்பதற்காகக் கழுத்துத் தசைகளை அறுக்கிறீர்களே, தள்ளாட்டம் அதனால் வருவது என்றார். லோன்ழே சொன்னதே சரி. பெரிய ஆளும் தவறாக எழுதுகிறார், இன்னொருவர் திருத்துகிறார். இந்தப் பழக்கம் அலுவலகக் கோப்புகளில் இல்லை.

இதே காலத்தில் ஸ்காட்லாந்தில் இன்னொரு கருத்து உருவானது. 1783இல் மன்றோ, 1824இல் கெல்லி என்ற இருவர் சொன்னது: மண்டையோடு மூடிய பெட்டி; அதற்குள் இருப்பவற்றின் மொத்த அளவு மாறாது. பின்னால் வந்தவர்கள் இந்த நீரையும் கணக்கில் சேர்த்தார்கள். மூளை, ரத்தம், நீர் மூன்றில் ஒன்று குறைந்தால் இன்னொன்று கூடியே ஆக வேண்டும். வரவு செலவுக் கணக்கு மாதிரிதான். நீர் குறைந்தால் அந்த இடத்தை ரத்தம் நிரப்பும், ரத்தக்குழாய்கள் வீங்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

1891இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ஹைன்ரிக் குவிங்கே இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி உயிருள்ள மனிதர்களிடமிருந்து இந்த நீரை எடுத்துக் காட்டினார். அழுத்தத்தையும் அளந்தார். அதே கீலில் 1898 ஆகஸ்டில் அறுவை மருத்துவர் அவுகுஸ்ட் பீர், அந்த வழியாகவே கோக்கேன் கரைசலைச் செலுத்தி, நோயாளி விழித்திருக்கும்போதே வலியில்லாமல் அறுவை செய்தார். இன்று நம் ஊர்ப் பெண்கள் முதுகில் ஊசி போட்டுச் சிசேரியன் செய்துகொள்கிறார்களே, அதன் தொடக்கம் அது.

நோயாளிகளுக்குப் பிறகு தலைவலியும் வாந்தியும் வந்தன. ஏன் என்று தெரிந்துகொள்ள பீர் தம் உடம்பிலேயே சோதித்தார். உதவியாளர் ஹில்டபிராண்ட் பீரின் முதுகில் ஊசி செலுத்தினார். மருந்துக்குழல் ஊசியோடு சரியாகப் பொருந்தவில்லை. மருந்து வெளியே சிந்தியது, பீரின் தண்டுவட நீரும் நிறைய வடிந்தது. சோதனை தோல்வி. உடனே இருவரும் இடம் மாறினார்கள். ஹில்டபிராண்டின் கால்கள் மரத்துப்போயின. பீர் அவருடைய முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் அடித்தார், எரியும் சுருட்டை வைத்துப் பார்த்தார். அவருக்கு வலிக்கவில்லை. இரவு இருவரும் விருந்து சாப்பிட்டு, ஒயின் குடித்துச் சுருட்டும் பிடித்தார்கள்.

மறுநாளிலிருந்து பீருக்குத் தலைவலி. நிமிர்ந்தால் வருகிறது, படுத்தால் போகிறது. ஒன்பது நாள் படுக்கை. 1899இல் இதை எல்லாம் அச்சிட்டு, நீர் வெளியேறியதுதான் காரணமாக இருக்கும் என்றும் எழுதினார்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் அலுவலக இளைஞர் 1982இல் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் 1899இலேயே அச்சில் இருக்கிறது. பீர் பேராசிரியர், தம் நோயைத் தாமே எழுதிக்கொண்டார். எங்கள் ஆளுக்காக எழுதியது நான்.

தலைவலி வருவது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. 1956இல் அமெரிக்காவில் வாண்டம், டிரிப்ஸ் என்ற இருவர் முதுகு ஊசி மயக்கம் கொடுக்கப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகளைத் தொகுத்தார்கள். 100க்கு 11 பேருக்குத் தலைவலி. ஊசி தடிமனாக இருந்தால் அதிகம், மெல்லியதாக இருந்தால் குறைவு. 1951லேயே ஹார்ட், விட்டேக்கர் என்ற இருவர் பென்சில் முனை போன்ற ஊசியைக் கொண்டுவந்திருந்தார்கள். அது உறையின் இழைகளை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும். அது எல்லா இடத்துக்கும் வந்துசேர வெகுகாலம் ஆனது.

ஊசியே படாமல், தானாகவே இது வருமா? என் மனைவிக்கு வந்ததே. அதற்கும் முன்கதை உண்டு. 1920இல் லியோன் நகரத்து அறுவை மருத்துவர் ரெனே லெரீஷ், மண்டையின் அடிப்பகுதி முறிந்த சிலருக்கு அழுத்தம் கூடாமல் குறைந்துவிடுகிறது என்று எழுதினார். தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றிச் சிகிச்சை செய்தார். அடிபட்ட தலையில் அழுத்தம் கூடும் என்று மட்டுமே எல்லோரும் பயந்த காலத்தில், குறையவும் செய்யும் என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

அடியும் இல்லாமல் தானாக வருவதை 1938இல் விவரித்தவர் ஜெர்மானிய நரம்பியலாளர் கேயோர்க் ஷால்டன்பிராண்ட். நீர் உற்பத்தி குறைந்திருக்கலாம், அதிகம் உறிஞ்சப்படலாம், அல்லது கசியலாம் என்று மூன்று காரணம் சொன்னார். இன்று கசிவுதான் காரணம் என்று தெரிகிறது. இவர் பெயரைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. நாஜி ஆட்சியில் இதே மனிதர், வேறொரு நரம்பு நோய் தொற்றுமா என்று பார்க்க, மனநலக் காப்பகத்து நோயாளிகளின் தண்டுவட நீருக்குள் குரங்கின் நீரைச் செலுத்திப் பார்த்தார். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. போருக்குப் பிறகும் பேராசிரியராகவே இருந்தார். பீர் ஊசியைத் தம் முதுகில் குத்திக்கொண்டார். இவர் பேச முடியாதவர்களைத் தேர்ந்தெடுத்தார்.

இனி சிகிச்சை. 1960இல் ஜேம்ஸ் கோர்ம்லி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். முதுகில் ஊசி குத்தும்போது ரத்தம் வந்துவிட்டால் அதைக் குத்தியவரின் தவறு என்பார்கள். ஆனால் அப்படி ரத்தம் வந்தவர்களுக்குத் தலைவலி குறைவாக இருக்கிறது. அப்படியானால் ரத்தமே உறைந்து ஓட்டையை அடைக்கிறதோ? நோயாளியின் சொந்த ரத்தத்தையே 2, 3 மி.லி. எடுத்து, உறைக்கு வெளியே இருக்கும் இடைவெளியில் செலுத்தினார். ஏழு பேருக்குச் செய்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். 1970இல் டிஜோவானி, டன்பார் இருவரும் 10 மி.லி. அளவில் செய்து காட்டிய பிறகுதான் அது பரவியது. அந்த இடைவெளிக்கு வழி தெரிந்ததற்கு 1901இல் வால் எலும்பு வழியாக மருந்து செலுத்திக் காட்டிய பாரிஸ் டாக்டர் சிக்கார் முக்கியக் காரணம். அதே சிக்கார், ஃபொரெஸ்தியே என்பவரோடு சேர்ந்து, எக்ஸ்ரேயில் தெரியும் எண்ணெயைத் தண்டுவடக் குழாய்க்குள் விட்டுப் படம் எடுத்தார். இன்று கசிவு எங்கே என்று தேடும் படங்களுக்கு மூதாதை அதுதான்.

இதை மட்டும் வைத்துக்கொண்டு என் மனைவியின் நோயை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில்தான் எம்.ஆர்.ஐ. அதைக் காட்டிக்கொடுத்தது. மருந்து ஏற்றி எடுக்கும் படத்தில் மூளையின் மேலுறை முழுதும் பளிச்சென்று தெரிகிறது. சிரைகள் புடைத்திருக்கின்றன. மூளை கீழே இறங்கியிருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்களின் கணக்கு நினைவிருக்கிறதா? நீர் குறைந்த இடத்தை ரத்தம் நிரப்பியிருக்கிறது. மேயோ மருத்துவமனையின் பஹ்ராம் மோக்ரி போன்றவர்கள் இதை விளக்கினார்கள். அதற்கு முன் அந்தப் படத்தைப் பார்த்தால் மூளைக்காய்ச்சல் என்றோ புற்று என்றோ பயப்படுவார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸில் ஷீவிங்க் என்ற டாக்டர் இந்த நோய்க்காகவே ஆயுளைச் செலவிட்டவர். 2003இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் 18 நோயாளிகளில் 17 பேருக்கு முதலில் வேறு நோய் என்று சொல்லப்பட்டிருந்தது. ஒருவருக்குச் சரியான பெயர் கிடைக்க 13 வருடம் ஆகியிருந்தது. ஆறு வாரத்தில் கண்டுபிடிக்கப்பட்ட நாங்கள் அதிர்ஷ்டசாலிகள். நீர் சிரைக்குள் நேராகப் போய்ச் சேரும் இன்னொரு வகைக் கசிவை அவர் குழு 2014இல் தெரிவித்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நோயின் பெயரே அழுத்தக் குறைவு. ஆனால் ஊசி குத்தி அளந்தால் பலருக்கு அழுத்தம் சரியாகவே இருக்கிறது. 60 மில்லிமீட்டர் நீருக்குக் கீழே இருந்தால் குறைவு என்பது கணக்கு. அளவு சரியாக இருக்கிறது என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லக் கூடாது என்கிறார்கள் இப்போது. குறைந்திருப்பது நீரின் அளவு.

என் மனைவிக்கு முதலில் படுக்கை ஓய்வு, நிறையத் தண்ணீர், காபி. ஆமாம், காபிதான். காபியில் இருக்கும் காஃபீன் மூளையின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வலியைக் கொஞ்சம் குறைக்கும். அது போதவில்லை. பிறகு கையிலிருந்து 20 மி.லி. ரத்தம் எடுத்து முதுகில் செலுத்தினார்கள். மறுநாள் காலை எழுந்து உட்கார்ந்தாள். நானும் நர்ஸும் பார்த்துக்கொண்டே நின்றோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். "ஏங்க, என்னையே பாத்துக்கிட்டு நிக்காம காபி வாங்கிட்டு வாங்க" என்றாள். எல்லோருக்கும் ஒரே தடவையில் சரியாவதில்லை. சிலருக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். சிலருக்குக் கசிவைத் தேடிப் பிடித்து அறுவை செய்து அடைக்க வேண்டும்.

2014 நவம்பரில் கருவூலத்தில் வாழ்நாள் சான்று கொடுக்கப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் அவர் நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது, நான்தான் முதலில் அடையாளம் கண்டேன். வெளியே அழைத்துப் போய் டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊசித் துளையையும், பீரையும், மனைவிக்கு வந்ததையும் சொல்லி, 1982இல் நான் எழுதியது தவறு என்றும் சொன்னேன். சர்வீஸ் புத்தகத்தில் அந்த 23 நாள் அப்படியேதான் இருக்கிறது. இனி யாராலும் திருத்த முடியாது.

கவனமாகக் கேட்டார். "சம்பளம் போனது போவட்டும் சார். அந்த கடைசி வரி எழுதியிருந்தீங்களே, அதை ஆபீஸ்ல ஒருத்தர் எனக்குப் படிச்சுக் காமிச்சாரு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நெஜமாவே வலிக்குதா, இல்ல சோம்பேறியாயிட்டோமான்னு" என்றார். பிறகு, "அந்த டாக்டர் பேரு என்ன சொன்னீங்க, ஒன்பது நாள் படுத்தவரு?" என்று கேட்டார். ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டீக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை.

இதைப் படிப்பவர்கள் யாருக்காவது, அல்லது வீட்டில் இருப்பவர்களுக்கு, நிமிர்ந்தால் வந்து படுத்தால் போகும் தலைவலி இருந்தால் அதை அப்படியே, அந்த வார்த்தைகளிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். முதுகில் ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வேறொருவர் சொல்லும்போது நீங்கள் கேட்பவராக இருந்தால், சிரிப்பதற்கு முன் படுத்தால் எவ்வளவு நேரத்தில் குறைகிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.